எட்டாவது எழுகை

அவைக்குத் தலைமை தாங்கும் குலேந்திரன் மாமா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, காலையிலிருந்து சமையலறையில் நின்று கால் கடுத்து இப்போதுதான் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, டென்மார்க்கின் இந்த ஓகூஸ் நகரில் பிறந்து, தமிழில் ஏச்சு வாங்கி, டேனிஷில் பதில் சொல்லும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் மேனுஜாவின் வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு ஒரு ஜப்பானியப் பழமொழி. ஏழு முறை விழு, எட்டு முறை எழு. பின்னால் பதாகையிலும் இருக்கிறது. பெரிய எழுத்து. பொன் நிறம்.

விழுவது வெட்கமல்ல, விழுந்து கிடப்பதே வெட்கம் என்று நான் முழங்க வேண்டும். நீங்கள் கைதட்ட வேண்டும். பிறகு வடை. அதுதானே ஒழுங்கு?

நான் முழங்கப் போவதில்லை. ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். ஏழு முறைதானே விழுந்தான்? எட்டாவது எழுகை எங்கிருந்து வந்தது? விழாமலே எழ முடியுமா?

அங்கே ஒரு தம்பி சொல்கிறார், "அக்கா, ஜப்பான்காரருக்குக் கணக்குப் பிழைச்சிட்டுது." இல்லைத் தம்பி. பிழைத்தது நமக்கு.

மனிதன் நின்றபடி பிறப்பதில்லை. கிடந்தபடி பிறக்கிறான். முதல் எழுகைக்கு முன்னால் விழுகை இல்லை. யாரோ தூக்குகிறார்கள். யாரோ நிறுத்துகிறார்கள். யாரோ இரண்டு விரலை நீட்டி, வா வா என்று நடத்துகிறார்கள். கூடுதலாக இருக்கும் அந்த ஓர் எழுகை நம்முடையதல்ல. அது இன்னொருவரின் கை. இந்தப் பழமொழியை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

அப்படியானால், இந்த மண்டபத்தில் அந்தக் கை எங்கே?

சில வருடங்களுக்கு முன் இதே மேடையில் ஒரு பையனுக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மருத்துவம் படிக்க இடம் கிடைத்ததற்காக. படித்து முடித்ததற்காக அல்ல. இடம் கிடைத்ததற்காக! ஓடத் தொடங்கும் முன்பே மாலை. மாலை கனத்தால் ஓட முடியுமா? "எங்கட டொக்டர்" என்றீர்கள். நேற்றுவரை பாடசாலைக்குப் போன பிள்ளையிடம் முழங்கால் நோவைக் காட்டி மருந்து கேட்டீர்கள். சிரிக்கிறீர்கள். முழங்காலைக் காட்டியவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. பார்க்கிறேன்.

அவன் உடற்கூற்றியலில் தவறினான். மறுபடியும் தவறினான். படிப்பை விட்டான். இன்று நகரப் பேருந்து ஓட்டுகிறான். சிலர் கண்ணாடிக்குள் அவன் முகத்தைக் கண்டால் ஏறுவதில்லை. அடுத்த பேருந்துக்கு நிற்கிறார்கள். மழையில்! நனைந்தாலும் பரவாயில்லை, தோற்றவன் ஓட்டும் வண்டி வேண்டாம்.

அவன் படிப்பை விட்ட மாதம் ஒரு பெரியவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, அந்தப் பொன்னாடை சும்மாதானே கிடக்கு? தந்தியளெண்டால் வாற வருசம் வேற பிள்ளைக்குப் போர்த்தலாம்." அம்மா அதை எடுத்தார். துவைத்தார். மடித்தார். கொடுத்தனுப்பினார்.

ஓம். என் அம்மா. அவன் என்று இவ்வளவு நேரமும் சொன்னது என் அண்ணாவை. கிருஷாந்த்.

பனிக்காலத்தில் இந்த ஊர் வீதிகள் உறைந்தால் பனி உருக விடியுமுன் உப்புத் தூவுகிறார்கள். அப்படியும் ஒருவர் வழுக்கி விழுந்தால், முன்பின் தெரியாதவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கை கொடுக்கிறார். விழுந்தவரின் தலைமாட்டில் நின்று எவரும் பழமொழி சொல்வதில்லை. நாம் சொல்கிறோம். உப்புத் தூவ வேண்டிய கையால் பதாகை கட்டுகிறோம்!

அண்ணா எழவில்லையா? எழுந்தார். வேலை தேடினார். வீட்டைத் தாங்கினார். மிருதங்கத்தை விடவில்லை. அடுத்து வரும் சிறுவர் நடனத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒத்திகையில் வாசித்தவர் அவர்தான். போன கிழமை விழாக் குழு கூடியது. பதிவு செய்த இசையே போதும் என்றது. ஏன்? "பிள்ளையளுக்கு முன்மாதிரியான ஆக்கள்தான் மேடையில இருக்கவேணும்."

எழுந்து வந்தவரைப் பிடித்து இருத்திவிட்டு, எழுவதைப் பற்றி அவர் தங்கையைப் பேச விடுகிறீர்கள். இதற்குப் பெயர் விழாவா? இதற்குப் பெயர் சமூகமா? தோற்றவரைக் காணக் கூசும் கண்ணுக்கு ஜப்பான் எதற்கு?

"பிள்ளை, நேரம் போகுது, முடியுங்கோ."

ஓம் மாமா, போகுது. என் அண்ணாவுக்கும் போனது. முடிக்கிறேன்.

சுசீலாதேவி ரீச்சர், நடனம் உங்களுடையது. பிள்ளைகளோடு திரைக்குப் பின்னால் நிற்கிறீர்கள், தெரியும். அண்ணா கடைசி வரிசையில் இருக்கிறார். மிருதங்கம் அவர் மடியில். நான் குழுவைக் கேட்கவில்லை. குழு பேசிவிட்டது. உங்களைக் கேட்கிறேன். பதிவா? அண்ணாவா?

சொல்லுங்கள் ரீச்சர். காத்திருக்கிறேன்.

"வரச்சொல்லு பிள்ளை. பாட்டுப் பெட்டியை நிப்பாட்டிப்போட்டன்."

எல்லோருக்கும் கேட்டதா? முன்வரிசைக்குக் கேட்டதா?

நன்றி ரீச்சர். பிடிக்காவிட்டாலும் எழுந்து போகாமல் கேட்டிருந்த உங்களுக்கும் நன்றி. தயவுசெய்து கைதட்ட வேண்டாம். நடுவில் கிடக்கும் அந்தக் கதிரைகளைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மிருதங்கம் பாரம். யாராவது ஒரு பக்கம் பிடியுங்கள்.

அண்ணா, வாங்கோ.

வணக்கம்.