கண்மாய் நாணலில் கறுப்பு வளைய வால்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மளிகைக்கடை சாபிர் அவர்களே, முன்வரிசையில் முகம் இறுகி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து கை கழுவிய ஈரத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, தாயில்பட்டி மக்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்!

ஒரு வாரமாக இந்த ஊர் ஒரு வாலைக் கண்டு நடுங்குகிறது. கண்மாய் நாணலுக்குள் சிறுத்தையாம். சண்முகத்தாயின் கோழிகளை அதுதான் கொண்டுபோனதாம். அதனால் நாளைக் காலையில் நாணலைக் கொளுத்தப் போகிறோமாம்!

சிறுத்தை என்றால் உடம்பெல்லாம் புள்ளி இருக்குமே, நாணலோரம் நான் பார்த்த இதற்குப் புள்ளி எங்கே? மணல் நிற மேனி, நெடிய கால்கள், காது நுனியில் கறுப்பு மயிர்க்கொத்து, கணுக்கால் வரையே தொங்கும் குட்டை வால், அந்த வாலில் கறுப்பு வளையங்கள். இது காட்டுப்பூனை ஐயா, காட்டுப்பூனை! நீரோர நாணலும் கருவேலம் புதரும் அதன் வீடு. எலிதான் அதன் அன்றாடச் சோறு. இப்போது அந்த வீட்டில் குட்டிகளும் இருக்கின்றன.

அதோ, பலவேசம் அண்ணாச்சி எழுந்துவிட்டார். சொல்லுங்கள் அண்ணாச்சி.

"எலி திங்கிறது கோழி திங்காதோ வாத்தியாரே?"

தின்னும். நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன். கோழிக்கூட்டுப் பக்கம் ஈரமண்ணில் பதிந்த காலடியை, மழையில் கரையாமல் கோழி கவிழ்க்கும் பஞ்சாரக் கூடையால் மூடி வைத்திருந்தார் சண்முகத்தாய். நேற்றுப் போய்க் குனிந்து பார்த்தேன். நான்கு விரல்களுக்கும் முன்னால் நகம் பதிந்திருந்தது. பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நகம் பதிய நடப்பது எது? நாய்! மழைக்குப் பிறகு பதிந்த அதே காலடி சேற்றுவழியே யார் வீட்டு வாசலுக்குப் போகிறது? சிரிக்காதீர்கள், அண்ணாச்சி தலை குனிந்துவிட்டார்.

இது எந்த ஊர்? கம்பெனி வாசலில் மடியைத் தட்டிப் பார்த்து, தீப்பெட்டியை வாங்கி வைத்துவிட்டு உள்ளே அனுப்புகிற ஊர்! நாணலுக்கு அடுத்து இருப்பது என்ன? நம் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து திரி செருகும் அறைகள்! சந்தேகம் வந்து நம் கையில் தீப்பெட்டியைத் திணித்தால், அந்த மடியை எந்தக் காவலாளி தட்டிப் பார்ப்பான்?

அண்ணாச்சி மேடைக்கே வருகிறார். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் தலைவர் முன்னே வைக்கிறார்.

"நாயக் கட்டிப் போடுதேன். ஆனா அந்தப் பூனைய நான் நம்பல வாத்தியாரே."

சந்தேகம் உங்களிடமே இருக்கட்டும் அண்ணாச்சி. தீப்பெட்டி மட்டும் இங்கே இருக்கட்டும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், சாட்சியைப் பஞ்சாரத்தால் காத்த சண்முகத்தாய்க்கும் நன்றி. கண்மாய்க் கரை வழியே வீடு திரும்புகிறவர்கள் சத்தமில்லாமல் போங்கள். அங்கே ஒரு தாய் குட்டிகளோடு இருக்கிறாள். வணக்கம்.