சிக்னல் எடுக்காத வீடு

வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்கிறவர்கள் முதலில் வேகத்தைத்தான் விசாரிப்பார்கள். அது பிழை. உங்கள் வீடு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லில், மேடு சரிகிற இடத்தில் இருக்கிறது. முன்னால் உள்துறைமுகம், முதுகுப் பக்கம் மேடு. டவர்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம். ஆகவே ஒரு கம்பனியின் சிக்னல் ஹோல் வரைக்கும் வரும், இன்னொன்று வாசலிலேயே செத்துப்போகும். நான் இதையெல்லாம் விசாரித்து அறிந்துதான் முடிவெடுத்தேன். கடைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று தயவுசெய்து எழுதவேண்டாம்.

என் பெயர் இராசமலர். அரசாங்கக் கச்சேரியில் கோப்பு எழுதும் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவள். லக்சனா என் தங்கச்சி. அவள் தவழ முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டார், அப்பாவும் அதிக காலம் இருக்கவில்லை. அவளுக்கும் எனக்கும் இருபது வயது வித்தியாசம் என்பதால் கோயிலில் பலர் என்னைத் தாய் என்றே நினைப்பார்கள். நான் திருத்தியதில்லை. அவளுக்காக என் வாழ்க்கையைத் தியாகம் செய்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது.

போன வருடம் அவளுக்குக் கலியாண எழுத்து நடந்தது. மாப்பிள்ளை சுகிர்தன், தம்பலகாமத்துப் பிள்ளை, டொரொன்டோவில் வேலை. எங்கள் ஆட்களிடம் இப்போது இதுதான் வழக்கம். முதலில் பதிவு, பிறகு ஸ்பொன்சர், விசா கையில் வந்த பிறகு தாலி. அதுவரைக்கும் பெண் பாதிக் கலியாணம் முடித்தவளாக வீட்டில் இருப்பாள். கனடாக்காரர் வெறும் பதிவுத் துண்டை நம்புவதில்லை. இருவரும் உண்மையாகவே புருஷன் பெண்சாதிதானா என்று பார்ப்பதற்கு, நாள்தோறும் கதைத்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். வீடியோ கோல்களையெல்லாம் படம் பிடித்துக் கோப்போடு அனுப்பவேண்டும். எந்த அம்மனுக்கு நேர்த்தி வைத்தாலும், கோல் இல்லாவிட்டால் விசா இல்லை.

அதற்காகத்தான் வீட்டுக்கு இணைப்பு தேவைப்பட்டது. "அக்கா, நீங்களே பாத்து எடுங்கோ. உங்களுக்குத்தான் உதெல்லாம் விசாரிக்கத் தெரியும்" என்றாள் லக்சனா. எங்கள் வீட்டில் மின்குமிழ் முதல் மாப்பிள்ளை வரை எல்லாம் நான் விசாரித்துத்தான் வந்தது. அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

ஜவாஹிரின் போன் கடைக்குப் போனேன். நல்ல பிள்ளை. அவரை இதில் இழுக்கவேண்டாம்.

"ஃபைபர் எடுங்க அக்கா. உங்களுக்குப் பக்கத்தில குணரத்தினம் மாஸ்டர்ட வீடு வரைக்கும் லைன் வந்திட்டு. இன்னும் ஒரு தூண் போட்டா உங்கட வாசல்தான்" என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வேறொரு கம்பனியின் ரவுட்டரைக் காட்டி, அது எப்படி என்று கேட்டேன்.

"இதா? இது உங்கட பக்கம் எடுக்காது. மேட்டுக்கு அங்கால இருக்கிற ஆக்களுக்குத்தான் சரி. இதை உங்களுக்கு வித்துப்போட்டு ஏச்சு வாங்க எனக்கு ஏலாது அக்கா."

அதைத்தான் தரச் சொன்னேன். அவர் இரண்டாம் தரமும் சொல்லிப் பார்த்துவிட்டு எடுத்துத் தந்தார்.

சுகிர்தனுக்கு வேலை முடிகிற நேரம் எங்களுக்கு விடிகிற நேரம். ஒவ்வொரு காலையும் அவருடைய முகம் திரையில் வரும், வாயைத் திறந்தபடி நின்றுவிடும், பிறகு கோல் அறுந்துவிடும். லக்சனா ரவுட்டரை அலுமாரிக்கு மேலே வைத்தாள், யன்னலில் வைத்தாள், குசினியிலும் வைத்துப் பார்த்தாள். துறைமுகத்துக்குள் கப்பல் நிற்கிறது, அதன் ராடர்தான் குழப்புகிறது என்று நான் சொன்னேன். துறைமுகத்துக்குள் எப்போதும் ஏதாவது ஒரு கப்பல் நிற்கும். எங்கள் போன்களும் அதே கம்பனிதான் என்பதால், டேட்டா போட்டாலும் வீட்டுக்குள் இதே கதைதான். குணரத்தினம் மாஸ்டர் தன்னுடைய ஹோலில் வந்து கதைக்கச் சொன்னார், பெரிய மனது அவருக்கு. "தாலி ஏறமுன்னம் அடுத்த வீட்டில இருந்து சிரிச்சுக் கதைச்சா சனம் என்ன சொல்லும்?" என்று லக்சனாவிடம் கேட்டேன். அவள் போகவில்லை. நான் அப்படி வளர்த்த பிள்ளை.

அவள் மெலிந்துபோனாள். எனக்கு அது மிகவும் கவலையாக இருந்தது. கணவாய் வாங்கிக் கறி வைத்துக் கொடுத்தேன், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். பெட்டை வேண்டுமென்றே கோலை அறுக்கிறாள் என்று சுகிர்தனின் தாய் தம்பலகாமத்தில் கதைப்பதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு வெகு நாளைக்குப் பிறகு எனக்கு நல்ல நித்திரை வந்தது.

ஒரு காலை தலைக்கு மேலே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. குசினிக்கு மேலே சீமெந்துத் தட்டு இருக்கிறது, தண்ணீர்த் தாங்கி வைத்த இடம். பின்வளவில் கிடந்த மர ஏணியைச் சாத்தி அங்கே ஏறியிருந்தாள். "அக்கா, இஞ்ச வந்து பாருங்கோ, முழுக்க எடுக்குது" என்றாள். உயரத்தைப் பற்றி நான் ஜவாஹிரிடம் கேட்கவில்லை. அது என் கவலையீனம்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறினாள். ஏணியின் மேல் நுனியைத் தாங்கியின் இரும்புக் காலோடு நைலோன் கயிற்றால் கட்டிவைத்தாள். மாரி தொடங்கிக் கீழ்த்தரையில் பாசி பிடித்ததால், அவள் ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியின் காலை நான் பிடித்துக்கொள்வேன். ஒருநாளும் தவறியதில்லை. இதை அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

படங்கள் சேர்ந்தன, கோப்பு நிரம்பியது. கடைசியில் நேர்முகத்துக்குத் திகதி வந்தது. அதுவும் வீடியோவில்தான். அதற்கு முதல்நாள் பின்னேரம் அவள் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு அர்ச்சனை செய்யப் போனாள். நான் தட்டில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். உடுப்புக் காயப்போடக் கொடி கட்டுவதற்குக் கயிறு தேவைப்பட்டது. அந்த மழையிலா என்று எழுதுகிற இந்தப் பொலிஸ் பிள்ளை கேட்கிறா. நல்ல கேள்விதான். கொடி கட்டவில்லை.

நேர்முகத்தன்று லக்சனா சேலை உடுத்திருந்தாள். அரைவாசி ஏறும்போது அண்ணாந்து பார்த்தாள்.

"கயிறு எங்கயக்கா?"

"இத்துப்போச்சு. பின்னேரம் புதுசு கட்டுவம். நான்தானே பிடிக்கிறன், நீ ஏறு."

ஏறினாள். உண்மையாகவே இறுக்கிப் பிடித்திருந்தேன்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதிகாரியின் கேள்விகளை ஒருவர் தமிழில் சொன்னார். சுகிர்தனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எழுத்தன்று யார் யார் வந்தார்கள், இப்படி. எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். "அக்கா மட்டும்தான். அவவைத் தனிய விட்டிட்டுப் போறதுதான் கவலை" என்றாள். கவலை என்றுதான் சொன்னாள். போகமாட்டேன் என்று சொல்வாள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அதிகாரியும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பிறகு அவளுடைய முகம் விளிம்பில் தெரிந்தது. அழுதுகொண்டு சிரித்தாள். "அக்கா, எல்லாம் சரியாம். பாஸ்போட்டை அனுப்பட்டாம்."

நான் சந்தோஷம் என்றேன். வாயால் அப்படித்தான் சொன்னேன். அவள் திரும்பி, போனை இடுப்பில் செருகிக்கொண்டு, மேல்படியில் காலை வைத்தாள். இரண்டாவது காலையும் வைத்தாள். இனி இந்த வீட்டில் ஒரு பிடி அரிசி போட்டால் போதும் என்று நினைத்தேன். யாரும் அக்கா என்று கூப்பிடாத வீடு. பயமாக இருந்தது, மிகவும் பயமாக இருந்தது. அப்போது கையை எடுத்தேன்.

தள்ளவில்லை. அதைச் சரியாக எழுதுங்கள். கையை எடுத்து, சேலையில் துடைத்தேன். ஏணிக்கு வழுக்குவதற்கு அவ்வளவு போதும்.

கீழே வளவில் எங்கள் போன்கள் எடுக்காது என்று உங்களுக்கு இப்போது தெரியும். அம்புலன்சுக்குச் சொல்ல மாஸ்டர் வீட்டுக்குத்தான் போகவேண்டும். மெதுவாகத்தான் போனேன். நானும் விழுந்துவிட்டால் அவளை யார் பார்ப்பது.

அறிந்து செய்தீர்களா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஓம். அந்த ரவுட்டரை வாங்கியதும், கயிற்றை அவிழ்த்ததும், கையை எடுத்ததும் அறிந்து செய்தவைதான். ஆனால் விசா இல்லை என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால், அவளை ஒரு கீறலும் படாமல் இறக்கி, கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லியிருப்பேன். அதையும் எழுதுங்கள்.

இனி நடக்கமாட்டாள் என்று டொக்டர் சொன்னார். "வீட்டில ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன். சுகிர்தன் வந்து இறங்கிவிட்டார் என்கிறீர்கள். வரட்டும், பாவம். லீவு முடியத் திரும்பிப் போகத்தானே வேண்டும். என்னை வார்டுக்குள் விடவேண்டாம் என்று லக்சனா சொன்னதாகவும் சொல்கிறீர்கள். அது அவளுடைய பேச்சில்லை, ஊசியின் மயக்கம். எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று காட்டுங்கள். நேரத்துக்கு அவளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், என்னைத் தவிர வேறு யார் தொட்டாலும் பிள்ளைக்கு நோகும்.