நாலு மணி நேர வழி

யுத்த காலம். திருத்தணி சரவணப் பொய்கைக் கரையில் மொட்டை போடுவதற்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர். மூத்தவர் பர்மாவிலிருந்து தப்பி வந்தவர். மற்றவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி; அக்கா புருஷனைத் தெலுங்கு வழக்கில் ‘பாவா’ என்று கூப்பிட்டார். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

“ரங்கூன்லேர்ந்து கல்கத்தாவுக்கு ஏரோப்ளேன்ல நாலு மணி நேரம்தான்.”

“யார் சொன்னது பாவா?”

“நான் சமையல் செஞ்சேனே, அந்த தொரைதான். காலைல காப்பி குடிச்சிட்டு ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க எறங்கிடலாமாம்.”

“உங்கள ஏத்திகினு போவலியா?”

“அவரு போய்ட்டாரு. நாங்க காட்டு வழியா நடந்தோம், ஒண்ணரை மாசம். தலைக்கு மேல ப்ளேன் போறப்பல்லாம் கொழந்தை அண்ணாந்து பாத்து கைய ஆட்டும்.”

மச்சான் வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்.

“அக்காவையும் கூட்டிகினு வந்திருக்கலாம்.”

“அவளால இதப் பாக்க முடியாதுப்பா.”

அவர்கள் முறை வந்தது. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

“மொட்டை யாருக்குங்க?”

“கொழந்தைக்கு. மொத முடி இங்கதான் எடுக்கறதுன்னு வேண்டிகினோம்.”

“கொழந்தை எங்க?”

அவர் இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே கொஞ்சம் சுருட்டை முடி, ஒரு கைப்பிடிகூட இல்லை.

“பொதைக்கறதுக்கு முன்னால வெட்டி எடுத்துகினு வந்தேன்.”

நாவிதர் கத்தியைக் கீழே வைத்தார். செம்பிலிருந்து கையில் தண்ணீர் எடுத்து, குழந்தையின் தலையை நனைப்பதுபோல், மெதுவாக அந்த முடியை நனைத்தார்.