புளி போட்டுத் தேய்த்த தூண்டில் ரீல்

ராஜீவ் சொல்வது பொய். அவர்கள் ரீலை எடுத்துக்கொண்டு நான் வேறு எதையும் மாற்றி வைக்கவில்லை. என்னைத் "திருட்டுக் கிழவன்" என்று அவன் புகாரில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அதில் கிழவன் என்பது மட்டும் சரி. அவனுடைய காதுகுத்துக்கு நான் மடியில் வைத்திருந்தபோது என் புதுவேட்டியை நனைத்தவன் அவன், அந்தப் புகாரை நான் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். பெயரும் வயதும்தான் முதலில் வர வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ரியாஸ் சொன்னதால் அவற்றைச் சொல்கிறேன்.

என் பெயர் இருதயராஜ், தகப்பனார் பெயர் சவரிமுத்து, வயது எழுபத்தாறு. பஃபலோ ரோடு அடுக்குமாடி வீட்டில் தனியாக வசிக்கிறேன். நான்காம் வகுப்பு வரை படித்தேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆங்கிலம் பேசுவேன், படிக்க வராது. சுங்கை ரோடு சந்தையை 2017-இல் மூடும் வரை அங்கே தரையில் விரித்துப் பழைய சாமான் விற்றேன். அதன் பிறகு வீட்டிலிருந்தபடியே பழைய கடிகாரம், தூண்டில் ரீல் ஆகியவற்றைப் பார்த்து எந்தக் காலத்துச் சாமான், என்ன விலை போகும் என்று சொல்லி வருகிறேன். நான் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் அமலா எழுதுகிறார்.

ரீல் என்பது, ஈயைப் போல் செய்த பொய் இரையை வீசி மீன் பிடிக்கும் வெள்ளைக்காரர்கள் தூண்டில் கம்பில் மாட்டும் சக்கரம். எண்பதுகளில் அப்படி ஒன்றை ஐந்து வெள்ளிக்கு, அதாவது ஐந்து டாலருக்கு, ஒரு வெள்ளைக்காரரிடம் விற்றேன். அவர் அடுத்த வருஷம் வந்து, அதை என்ன விலைக்கு விற்றார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. அதன் பிறகு கேட்டலாக்குகளை வாங்கிப் படம் படமாகப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

கமலம் என் நண்பர் அழகப்பனின் மனைவி, வயது எழுபத்தொன்று, பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறார். ராஜீவ் அவர்களுடைய ஒரே மகன். அழகப்பன் சாங்கியில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரிக்கு டிரைவராக இருந்தவர். அந்த அதிகாரி 1971-இல் ஊர் திரும்பியபோது ஒரு பித்தளை ரீலைக் கொடுத்துவிட்டுப் போனார். அழகப்பன் ஒரு நாளும் மீன் பிடித்ததில்லை. சாயங்காலம் டிவியில் செய்தி பார்க்கும்போது அந்த ரீலை மடியில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருப்பார், அது டிக் டிக் என்று சத்தம் போடும். அவர் போன அக்டோபரில் இறந்தார்.

இந்த ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி பகல் பதினொரு மணிக்குக் கமலமும் ராஜீவும் ரீலை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கமலம் தம் வீட்டை விட்டு உட்லண்ட்ஸில் உள்ள ராஜீவ் வீட்டுக்குப் போவதாக இருந்தது. "மகன் வீடா இருந்தாலும் வெறுங்கையோட போக மாட்டேன் அண்ணே. இதை வித்து அவன் கையில குடுத்துட்டுத்தான் வாசப்படி ஏறுவேன்" என்றார்.

நான் ரீலைச் சுற்றிச் சத்தத்தைக் கேட்டேன். கம்பில் பொருத்தும் அடித்தகட்டை யாரும் அரம் போட்டு ராவவில்லை. ஸ்க்ரூக்களின் தலை சிதையவில்லை. கைப்பிடிக் குமிழ் யானைத் தந்தம், பழுப்பு ஏறியிருந்தது. முகத்தகட்டில், தூண்டில் பிடித்த கை கம்பெனி முத்திரையாக இருந்தது. முழு ரீலும் கறுப்பாக இருந்தது. அது அழுக்கு இல்லை. வெயிலில் பளபளத்தால் மீன் ஓடிவிடும் என்று செய்யும் இடத்திலேயே மருந்து போட்டுக் கறுக்க வைப்பார்கள். நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கறுப்பு போகாமல் இருந்தால் அதற்குத்தான் பாதிக்கு மேல் விலை. அதன் பிறகு முகத்தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்தேன். அழகப்பன் தலைக்குத் தடவும் வாசனைத் தேங்காய் எண்ணெயையே அதற்கும் விட்டிருந்தார், அது உள்ளே மஞ்சளாக உறைந்திருந்தது. ராஜீவை முகர்ந்து பார்க்கச் சொன்னேன், அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். மூடிவிட்டு, ஆறாயிரம் வெள்ளி போகும் என்றேன். ராஜீவ் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான்.

என்னிடம் ரீல் கொண்டுவரும் எல்லோரிடமும் துடைக்காதே, தேய்க்காதே என்று முதலில் சொல்வேன். அன்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கமலத்தைப் பார்த்து, "ஏன் கமலம், அம்பது வருஷமா இதுக்கு ஒரு குளியல் போடலையா? உங்க வீட்ல புளிக்குப் பஞ்சமா, இல்ல உனக்குக் கை வலியா?" என்று கேட்டேன். கமலம் சிரித்தார். அழகப்பனைத் தகனம் செய்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதனால் மேலும் கேலி செய்தேன். "இவ்ளோ அழுக்கைப் பாத்தா வாங்க வர்றவன் லிஃப்டுலயே திரும்பிப் போயிடுவான் லா" என்றும் சொன்னேன். வாங்குபவர் வர நாளாகும் என்பதால் ரீலை அவர்களே எடுத்துப் போனார்கள்.

பிப்ரவரி 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை கமலம் தனியாகப் பஸ்ஸில் வந்து ரீலை என் மேசையில் வைத்தார். குத்துவிளக்கு தேய்த்த கையோடு ரீலையும் புளியும் உப்பும் போட்டுத் தேங்காய் நாரால் மூன்று தடவை தேய்த்ததாகச் சொன்னார். "இப்ப பாருங்க அண்ணே, மூஞ்சி தெரியுது. என்னைச் சோம்பேறின்னீங்களே" என்றார். உண்மையாகவே என் முகம் அதில் தெரிந்தது. கறுப்பு ஒரு பொட்டுகூட இல்லை. முத்திரையில் கை மழுங்கியிருந்தது. தந்தக் குமிழ் சுண்ணாம்பு போல் வெளுத்துக் கீறல் விட்டிருந்தது. கமலத்தின் விரல் நகங்களில் இன்னும் புளிக்கறை இருந்தது. நான், "நல்லா இருக்கு, வெள்ளிக்கிழமை விளக்கு மாதிரி" என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு பிப்ரவரி 22-ஆம் தேதி, வருஷா வருஷம் என்னிடம் வாங்கும் ஆஸ்திரேலியர் வந்தார். ரீலைக் கையில் எடுத்தவர் உடனே கீழே வைத்துவிட்டு, இப்படிச் செய்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அது முழுப் பொய் இல்லை. ஐந்நூறு வெள்ளி தருகிறேன், அதுவும் உனக்காக என்றார். நான் கொடுக்கவில்லை.

மறுநாள் ராஜீவை வரச் சொல்லி ரீலைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க வந்தவருக்கு மனசு மாறிவிட்டது, ஐந்நூறுதான் சொல்கிறார் என்றேன். ராஜீவ் கைப்பேசியில் இருந்த படத்தையும் ரீலையும் மாறி மாறிப் பார்த்தான். "அம்மா தேய்ச்சாங்க, எனக்குத் தெரியும் அங்கிள். கிளீன் பண்ணா விலை ஏறணும். இதுல குமிழ் வேற, முத்திரை வேற. ஒரிஜினல் எங்க?" என்று கேட்டான். அதற்குப் பதில் எனக்குத் தெரியும், தேய்த்ததில்தான் விலை போனது. சொன்னால் அவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்வான். அதனால், "உங்கப்பன்கிட்ட போய்க் கேளு" என்றேன். அது கேலியாகச் சொன்னது, சொல்லியிருக்கக் கூடாது. அவன் மேசையைத் தட்டிவிட்டு, ரீலை எடுக்காமல் போனான்.

மார்ச் 2-ஆம் தேதி கமலம் வந்தார். உட்காரவில்லை. "அண்ணே, காசு வேண்டாம். உங்களுக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. அவரோடதை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. அந்தச் சத்தம் இல்லாம வீடு கம்முனு கெடக்கு" என்றார். நான் மேசையில் இருந்த ரீலை அவர் பக்கம் தள்ளி, கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். அவர் அதைத் தொடவில்லை. நாற்பது வருஷமாக என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர், போகும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. அதற்கு மூன்று நாள் கழித்து ராஜீவ் புகார் கொடுத்தான், போலீசார் என் வீட்டுக்கு வந்து ரீலை எடுத்துப் போனார்கள்.

இன்று இன்ஸ்பெக்டர் ரியாஸ் ரீலை ஒரு தட்டில் என் முன்னால் வைத்து, இதுதான் அது என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அவர் கொடுத்த சின்ன ஸ்க்ரூடிரைவரால் முகத்தகட்டைக் கழற்றிக் காட்டினேன். கமலத்துக்கு அதைத் திறக்கத் தெரியாது, புளி உள்ளே போகவில்லை. உள்ளே பழைய கறுப்பு அப்படியே இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் முகர்ந்து பார்த்தார், அமலாவும் முகர்ந்து பார்த்தார். ராஜீவைக் கூப்பிட்டு முகரச் சொன்னால் அவனுக்கும் தெரியும்.

என் மேல் குற்றம் இல்லை என்று இதிலேயே தெரிகிறது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அப்படியானால் கமலத்திடம், கிழவன் முதலில் சொன்ன ஆறாயிரம்தான் தப்பு, கண் மங்கிப் போய் விலையைக் கூட்டிச் சொல்லிவிட்டான், ரீல் எப்போதுமே ஐந்நூறுதான் பெறும் என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். இன்ஸ்பெக்டர், "அங்கிள், ஸ்டேட்மென்ட்ல இருக்கறதைத்தான் நான் சொல்ல முடியும்" என்றார். அப்படியென்றால் புளி பற்றி எழுதியதை அடித்துவிடச் சொன்னேன். அமலா முடியாது என்றார். ராஜீவிடம் மட்டுமாவது சொல்லுங்கள், கமலம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், தேய்த்தது என் வாய்தான், அவர் கை இல்லை, அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டர் திறந்த ரீலைத் தட்டோடு எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். யாரிடம் சொல்கிறீர்கள் என்று அமலா கேட்டார். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் கழித்து வெளியே டிக் டிக் என்று இரண்டு தடவை கேட்டது. அதன் பிறகு கேட்கவில்லை.

இதுவரை எழுதியதை அமலா எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கேலியாகச் சொன்னவையும் நடந்தவையே. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் சொல்லவில்லை. ஒரு வரியை அடிக்கக் கேட்டேன், அடிக்கவில்லை; அந்த வரியும் உண்மை.

(ஒப்பம்) ச. இருதயராஜ்