பதினோராம் விதிக்கு நான் சொன்ன பொருள்

உப்பு ஏரியில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் வெந்துபோவது முகவாயின் அடிப்பக்கம்தான். மேலிருந்து அடிக்கும் வெயிலைவிடத் தரையிலிருந்து திரும்பி அடிக்கும் வெயில் பொல்லாதது. தொப்பி போட்டும் பயனில்லை. இந்தக் காயத்தைப் பார்த்துவிட்டு அடிதடி நடந்ததோ என்று கேட்டீர்கள். அப்படி எதுவும் இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். நெவில் என்மேல் கை வைக்கவில்லை. வைத்திருக்கலாம்.

எங்கள் கார் ஓட்டக் கழகம் மார்ச்சில், ஏரி காய்ந்து இறுகியிருக்கும் ஒரு வாரத்தில்தான் ஓட்டம் நடத்தும். ஒரு கார், ஒரு நேர்க்கோடு, ஒரு கடிகாரம், அவ்வளவுதான். வருகிறவர்கள் எல்லாரும் பிளம்பர், தாதி, கசாப்புக் கடைக்காரர் என்று வேறு பிழைப்பு உள்ளவர்கள். வீட்டுக் கொட்டகையில் தாங்களே கட்டிய காரை இழுத்துக்கொண்டு வருவார்கள். அதைக் குனிந்து பார்த்து, விதிப்படி இருக்கிறதென்று கையெழுத்துப் போடுவது என் வேலை. பதினாறு வருடம் செய்தேன். சம்பளம் கிடையாது.

ரோஸ்லின் டூஹி வையாலா ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் புருஷன் நெவில் வெல்டர். இருவரும் ஒன்பது வருடமாக ஒரு பழைய இரண்டு கதவுக் காரைச் சீவிச் செப்பனிட்டு வந்தார்கள். அந்தக் காரின் டிக்கி மேல் ஒரு குறுக்குத் தகடு. அதன் இரு முனைகளிலும் நான்கு அங்குல உயரத்தில் இரண்டு பக்கத் தகடுகள். நீங்கள் கேட்பது அந்தப் பக்கத் தகடுகளைப் பற்றித்தான்.

பதினோராம் விதி இரண்டே வரி. பின்பக்கத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் தகடு இருக்கலாம். காற்று வழுக்கி ஓடுவதற்காக வைக்கும் தகடு இந்த வகுப்புக் கார்களில் இருக்கக் கூடாது. ஒரே தகடு இரண்டையும் செய்தால் என்ன என்று விதி சொல்லவில்லை. அதைப் பரிசோதகர் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை நான் சொன்னேன்: குறுக்குத் தகடு இருக்கட்டும், பக்கத் தகடுகள் காற்றை வழுக்கவிடுகின்றன, கழற்றுங்கள்.

நெவில் சிரித்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இவர்கிட்ட ஈ உக்காந்த காரைக் காட்டிராதீங்கப்பா. இறக்கை இருக்குன்னு தள்ளி வெச்சிடுவாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவன் முகம் மாறியது.

"யோவ் ஆல்வின், மூணு வருஷமா இதே தகடுதானேய்யா? நீதானே கையெழுத்துப் போட்டே?"

"மூணு வருஷமா நான் கவனிக்கலை. இப்ப கவனிச்சேன்."

ரோஸ்லின் அவன் தோளைத் தொட்டாள். "விடு நெவில். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ட்ரில்லை எடு."

அவள் என்னை நம்பினாள். எல்லாரும் நம்பினார்கள். பதினாறு வருடத்தில் நான் ஒரு கோப்பைத் தேநீர்கூட யாரிடமும் வாங்கிக் குடித்ததில்லை.

அந்த மூன்று வருடமும் அவள் மணிக்கு நூற்றெண்பது மைலைத் தாண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த முறை புது எஞ்சின் போட்டிருந்தாள். அந்த வகுப்பின் சாதனை இருநூற்றுப் பதினேழு. இருபத்திரண்டு வருடமாக அசையாமல் இருக்கிறது. அது என்னுடையது. எனக்குப் பிள்ளையில்லை, மனைவி போய்விட்டாள், பார்த்த வேலையை இப்போது ஒரு கணினி பார்க்கிறது. கழகக் கொட்டகைச் சுவரில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் என் பெயர் இருக்கிறது.

புதன் காலை அவள் பக்கத் தகடில்லாமல் ஓடினாள். இருநூற்று மூன்று. திரும்பி வந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். முடியெல்லாம் வியர்வையில் ஒட்டியிருந்தது.

"ஆல்வின், பின்னாடி மிதக்கிற மாதிரி இருக்கு. ஸ்டியரிங் கையில இல்லாத மாதிரி. நீங்க இதே மாதிரி கார் ஓட்டினவர்தானே, உங்களுக்கு இப்படி இருந்துச்சா?"

"இருந்துச்சு. இருநூறுகிட்ட அப்படித்தான் ஆடும். நடுவுல காலை எடுத்துடாதே. இன்னும் அழுத்தினா தானா ஒட்டிக்கும்."

"நிச்சயமா?"

"நான் ஓட்டியிருக்கேன் ரோஸ்."

நான் ஓட்டியிருக்கிறேன் என்பது பொய்யில்லை. சாதனைக்கு முந்தைய வருடம், பக்கத் தகடில்லாமல், இருநூற்று ஆறில் என் காரின் பின்பக்கம் தூக்கியது. அழுத்தினால் ஒட்டவில்லை. வால் முன்னால் வந்து இரண்டு சுற்றுச் சுற்றி, ஏதோ புண்ணியத்தில் தரையிலேயே நின்றது. தோள்பட்டை எலும்பு உடைந்தது. டயர் வெடித்ததென்று எல்லாரிடமும் சொன்னேன். ஆறு மாதம் யோசித்து, நான்கு அங்குலத்தில் இரண்டு பக்கத் தகடுகள் பொருத்தினேன். அடுத்த மார்ச்சில் கார் தண்டவாளத்தில் போவதுபோலப் போனது. அன்றைய பரிசோதகர் பதினோராம் விதியைப் படித்துவிட்டு, இவை அழுத்திப் பிடிக்கும் தகடுகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுதிய அந்தப் பக்கத்தையும் என் காரின் புகைப்படத்தையும் கழகப் பதிவேட்டிலிருந்து இந்தப் பிப்ரவரியில் கிழித்தேன். அவள் புது எஞ்சின் வாங்கியது தெரிந்த வாரம் அது.

வியாழன் பத்து மணிக்கு அவள் கிளம்பினாள். தூரத்தில் உப்புத் தூசி நேர்க்கோடாக எழுந்து, பிறகு கோடு உடைந்தது. வால் முன்னால் வந்துவிட்டால் கூரையே இறக்கையாகி, கார் மேலே எழும்பிவிடும். அவள் கடைசிவரை காலை எடுக்கவில்லை என்று பெடலைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் சொன்னபடி செய்திருக்கிறாள்.

நெவில் ஓடினான். அந்த இடம் ஒன்றரை மைல். வண்டிகள் அவனைத் தாண்டிப் போயின, அவன் ஏறிக்கொள்ளவில்லை, ஓடிக்கொண்டே இருந்தான். பக்கத் தகடுகள் அவன் டிரக்கின் முன்சீட்டில் கிடந்தன. அவற்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். நல்ல வேலைப்பாடு. முனைகளை அரத்தால் தேய்த்து மழுக்கியிருந்தான்.

இதையெல்லாம் சொல்வதால் எதுவும் மாறப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். கழகம் கலைந்துவிட்டது. ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது, எப்போது வற்றுமோ. நெவில் வீட்டு ஃபோனை யாரும் எடுப்பதில்லை. நான் கொலை செய்தேன் என்று நீங்கள் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அது சரியான சொல்தான்.

ஒன்று மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் போன பிறகு நான் கடிகாரக் கூடாரத்துக்குப் போய் அவளுடைய வேகத்தைக் கேட்டேன். கார் திரும்புவதற்கு முந்தைய மைலில் இருநூற்றுப் பத்தொன்பது. சிலர் அதைச் சாதனை என்கிறார்கள். அது தவறு, மேடம். சாதனையென்றால் ஒரே நாளில் இரண்டு ஓட்டம் வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. அன்று அவள் ஒன்றுதான் ஓடினாள்.