பாதி வரி வாணாம்

அத அழிச்சிடுங்கண்ணா. வூட்டு வரி ஜாஸ்தி, கொறைக்கணும்னு உங்ககிட்ட யாரு சொன்னா? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பாதி அர்ஜிய டைப் அடிச்சிட்டீங்க. வர்றவங்க எல்லாரும் அதுக்கே வந்தா, நானும் அதுக்கா வந்தன்? எனக்குக் கொறைக்க வாணாம். ஏத்தணும்.

சிரிங்க. மேல முனிசிபல் ஆபீஸ்ல இருக்குதே ஒரு பொண்ணு, அதுவும் சிரிச்சிது. சிரிச்சிட்டு, ஈரோஜே லாஸ்ட்டம்மா, இன்னிக்கேதான் கடைசி, அஞ்சு மணிக்கு மேல வாங்க மாட்டோம்னு கறாரா சொல்லிடுச்சி. நோட்டீஸ் வந்து பதினஞ்சு நாள்தான் கெடுவாம். இன்னிக்குப் பதினஞ்சாவது நாளு. மணி நாலேகால்தானே? போதும், நீங்க அடிங்க.

பேரு ஜெயகுமாரி. வயசு ஐம்பத்தொம்பது. தொழில், டைலர். சித்தூர்லயே எங்க சர்ச்சுப் பொம்பளைங்க பாதிப் பேரு போட்டுக்கினு இருக்கற ஜாக்கெட்டு என் கைதான். வரி நம்பரா? பேப்பர் எதுக்கு, மனப்பாடம். போர் செவன் டூ சிக்ஸ்.

முன்னாடியே வர்றதுக்கு என்னவா? நோட்டீஸ் தெலுங்குல இருக்குதேண்ணா. நான் தமிழ் மீடியம் படிச்சவ. தெலுங்குல சண்ட போடச் சொல்லுங்க, போடுவன். படிக்க வராது. வருஷா வருஷம் வர்ற சீட்டுதான்னு மிஷின் டிராயர்ல போட்டுட்டன். நேத்து எதிர்வூட்டு கேசியா அளவு குடுக்க வந்திச்சி, அது கையில குடுத்துப் படிக்கச் சொன்னன். காலி வூடு, யாரும் குடியில்ல, அதனால பாதி வரின்னு இருக்குதாம். மிஷின்ல உக்காந்து தச்சிக்கினே கேக்கறன் நான்!

லாபந்தானேவா? கேசியாவும் அதத்தான் சொன்னிச்சி. யாருக்கு லாபம்? வூடு இன்னும் எங்க வூட்டுக்காரர் பேர்லதான் இருக்குது. அவரு போயி ஆறு வருஷமாச்சி, பேரு மாத்தாம வுட்டது என் தப்பு. நாளைக்கு எவனாச்சும் வாங்கறவன் வந்து, காலி வூடுதானே, சாவியக் குடுன்னா நான் எதக் காட்டறது? ஆபீஸ் கணக்குல நானே இல்லியே.

ஆபீஸ்காரங்க வந்து பாத்தாங்களாம், பூட்டு தொங்கிச்சாம். தொங்கிச்சிதான், இல்லன்னு சொல்லல. மூணு மாசம் திருப்பதில இருந்தன். திருச்சானூர் பக்கம் என் புள்ள ஆசிர் பிளாட்டு வாங்கிக்கினு இருக்கறான், மருமகளுக்குப் பிரசவம். கொழந்தைக்குத் தண்ணி ஊத்தறது, அவளுக்குப் பத்தியம் ஆக்கறது, எல்லாம் நான்தான். இங்கியே இருந்துடும்மா, அங்க போயி என்ன பண்ணப் போறன்னான். மிஷின் இல்லாம எனக்குக் கை ஓடாதுடான்னு பஸ் ஏறி வந்துட்டன். வந்து நாலாம் நாளு கதவு சந்துல இந்த நோட்டீஸு.

காலின்னு எழுதிக் குடுத்தவங்க பேரு போட்டே ஆகணுமா? சும்மா, யாரோன்னு போட்டா ஒத்துக்க மாட்டாங்களா? சரி. நோட்டீஸ்ல அந்தக் கடைசி லைனப் பாருங்க, அங்கியே இருக்குது. ஆசிர். ஆமாண்ணா, அவனேதான்.

நிறுத்தாதீங்க, அடிங்க. நான் அழல. அவன் எழுதிக் குடுத்த தேதியும் போடுங்க, மார்ச் ஏழு. எனக்கு நல்லா நெனப்பிருக்குது. அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம கொழந்தைக்கு ஞானஸ்நானம். வெள்ள கவுனு ஒண்ணு கையாலியே தச்சிக்கினு இருந்தன். பக்கத்துல உக்காந்து செல்லுல என்னமோ தட்டிக்கினு இருந்தான். அம்மா, நம்ம வூட்டு வரி நம்பர் என்னன்னு கேட்டான். அம்மாவுக்கு வரி கட்டப் போறான் புள்ளன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம். தப்பா அடிச்சிடப் போறான்னு ஊசிய வாயில இருந்து எடுத்துட்டு, நிறுத்தி நிறுத்தி நானே சொன்னன். போர். செவன். டூ. சிக்ஸ்.

அவனப் பத்தி ஒண்ணும் கெட்டதா எழுதாதீங்க. இந்த வூட்டுல ஜெயகுமாரி இருக்கறா, முழு வரியும் அவளே கட்டுவா, அவ்ளோதான். கையெழுத்து எங்க போடணும்? குடுங்க பேனாவ, தமிழ்லயே போடறன்.