கேலிமுறைக்காரனுக்கு விற்ற படகு

எங்கள் பக்கத்து வெங்காயம் ஊதா நிறம். நறுக்கினால் கண் அவ்வளவாக எரியாது. கடலோர நாட்டுக்காரர்கள் அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்று என் மனைவி சொல்வாள். நீங்கள் தலைநகர் நியாமேயிலிருந்து வந்த அதிகாரி, ஐயா. எங்கள் எல்லையூர் காயாவில் எதைப் பற்றிச் சொல்வதானாலும் வெங்காயத்தில் தொடங்குவது எளிது.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவது எனக்குப் பழக்கம்தான். பாலத்தடியில் சுங்கத் தரகராக இருந்தேன். இந்தச் சரக்கு நைஜரில் விளைந்தது என்று சான்று எழுதி, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு முத்திரையை வாங்கித் தருவேன். அந்த முத்திரை இருந்தால் வெங்காய லாரி வரி இல்லாமல் ஆற்றைக் கடந்து பெனினுக்குள் போகும். அங்கிருந்து டோகோ, கானா என்று போய்க்கொண்டே இருக்கும். விதிகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். சுங்க அதிகாரிகளே சந்தேகம் வந்தால் என்னிடம் ஆள் அனுப்புவார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நியாமேயில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், முதலில் கூட்டமைப்பு நாட்டுக்காரர்கள் எங்கள் மேல் எல்லைக் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் திறந்தபோது நாங்கள் எங்கள் பக்கத்தைத் திறக்கவில்லை. கடைசியில் கூட்டமைப்பை விட்டே விலகிவிட்டோம். அன்று ஊரில் ஊர்வலம் போனது. நானும் கொடி பிடித்துக்கொண்டு போனேன், அதையும் எழுதிவிடுகிறேன். பாலம் அப்படியேதான் நின்றது. கையில் இருந்த பிராங்க் நோட்டும் மாறவில்லை. லாரிகள் மட்டும் நின்ற இடத்தில் நின்றன. வெங்காயம் மூட்டைக்குள்ளேயே முளைவிட்டு, பிறகு அழுகி, ஊர் முழுவதும் அந்த வாடைதான். எனக்குத் தெரிந்த விதிகள் எல்லாம் யாருக்கும் தேவைப்படாத விதிகளாகிவிட்டன.

பாலம் மூடினால் ஆறு திறக்கும். சிமெண்ட், அரிசி, எண்ணெய், மனிதர்கள் எல்லாம் படகில்தான். என் மனைவி வெங்காய மூட்டைகளோடு அக்கரைக்குப் போய் அரிசி வாங்கி வந்து விற்கத் தொடங்கினாள். நான் அவள் சம்பாத்தியத்தில் சாப்பிட்டேன். அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

கிம்பாவைப் பற்றி எழுத வேண்டும். அவன் ஜர்மா, நான் மவ்ரி. எங்கள் இரண்டு இனத்துக்கும் கேலிமுறை உண்டு. அவன் என்னை அடிமை என்பான், நான் அவனை அடிமை என்பேன். என் அம்மாவையே திட்டினாலும் எனக்குக் கோபம் வரக் கூடாது. வந்தால் குற்றம் என்னுடையது. அதேபோல முறைக்காரனுக்கு முறைக்காரன் தீங்கு செய்யக் கூடாது. செய்ய மாட்டான் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள்.

பாலம் இருந்த காலத்தில் கிம்பா மூட்டை தூக்கினான். என் மேசையைக் காலையில் வெளியே போட்டு மாலையில் உள்ளே எடுத்து வைப்பவன் அவன்தான். பாலம் மூடிய பிறகு அவன் படகு ஓட்டினான், அடுத்து சொந்தமாகவே படகு வாங்கினான். அவன் வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் மோட்டார் சைக்கிளை விற்றுப் பழைய படகு ஒன்றை வாங்கினேன். மவ்ரிகள் நாங்கள் வறண்ட மண்ணில் பிறந்தவர்கள். படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மேலே தார் பளபளத்தது, வாங்கிவிட்டேன்.

அதைக் கரையில் கவிழ்த்துப் போட்டபோது அடிப்பலகையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். முதல் கணு வரை உள்ளே போயிற்று. மாற்றுவதற்குப் பலகை வேண்டும். பலகை அக்கரையிலிருந்துதான் வரும். வந்த ஒன்றிரண்டும் யானை விலை. நான் அந்த இடத்தில் துணியை அடைத்து, தகரத்தை வைத்து ஆணியடித்து, மேலே தார் பூசினேன். உட்பக்கம் பாயை விரித்தேன். என் மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் வீணாகப் போனது என்று சொல்ல வாய் வரவில்லை.

தேநீர்க் கடையில் வைத்துக் கிம்பாவுக்கு விற்றேன். மறைவாக எதையும் செய்யவில்லை. கடைக்காரர் அபாஸ் உட்பட அத்தனை பேரும் இருந்தார்கள்.

"ஏன்டா அடிமை, விக்கிற?" என்றான் கிம்பா. "ஆத்தப் பாத்து பயந்துட்டியா? உங்க ஊர்ல தண்ணிய கொடத்துலதான பாத்திருப்ப."

"அடிப்பலகை மக்கிப் போச்சு," என்றேன். "நட்டாத்துல உன்னக் கவுத்துரும். அதான் உனக்கு விக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அபாஸ் கையில் இருந்த கெண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஜர்மாக்காரன் எங்க முழுகப் போறான்? தலைக்குள்ள காத்துதான இருக்கு, மெதப்பான்."

"முழுகினா என்ன," என்றான் கிம்பா, "இந்த மவ்ரி முதுகுல ஏறி அக்கரைக்குப் போயிடுவேன். கழுதைக்கு நீச்சல் தெரியும்ல?"

நான் கேட்ட விலையை அவன் கொடுத்தான். முறைக்காரனிடம் பலகையைத் தட்டிப் பார்த்து வாங்குவது அவனுக்குக் கேவலமாகப் பட்டிருக்கும். நான் பொய் சொல்லவில்லை, ஐயா. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். நான் அன்று சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை.

படகு வாரக்கணக்கில் ஓடியது. அதனால் எனக்கும் சந்தேகம் வந்தது, ஒருவேளை என் தார் நன்றாகப் பிடித்துவிட்டதோ என்று. என் மனைவி வேறொருவர் படகில்தான் போவாள். கிம்பாவின் படகு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஏன் என்று கேட்டாள். அவன் வாய் சரியில்லை என்றேன்.

அன்று காலை அவள் வழக்கமாகப் போகும் படகுக்குப் பெட்ரோல் இல்லை. பெட்ரோலும் அக்கரைச் சரக்குதானே. கிம்பாவிடம் இருந்தது. நான்தான் அவள் மூட்டைகளைக் கரை வரைக்கும் தலையில் சுமந்து வந்தேன். கிம்பா எங்களைப் பார்த்ததும், "வா பொண்டாட்டி, உனக்குக் காசு கெடையாது. இந்தாளச் சும்மா காவலுக்குத்தான வெச்சிருக்கோம்," என்றான். அவள் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நான் தடுத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். "ஏறாத, அது ஓட்டைப் படகு, முழுகிரும்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். படகில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி, "வித்துட்டு வயிறு எரியுது பாரு மவ்ரிக்கு," என்றாள்.

நடு ஆற்றைத் தாண்டிய பிறகு படகு முன்பக்கமாகத் தாழ்ந்தது. கவிழவில்லை. யாரோ படியில் இறங்குவதைப் போல மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. கரையில் இருந்து பார்க்கையில் தலைச்சுமைகள் மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தன. வெங்காயம் மிதக்கும். உயிரோடு திரும்பாதவர்கள் ஏழு பெண்கள், ஒரு தையற்காரர். கிம்பா இரண்டு பேரை இழுத்துக்கொண்டு நீந்தி வந்தான். மூன்றாவது முறை போனபோது என் மனைவியைக் கொண்டுவந்தான். அவள் உயிர் அதற்கு முன்பே போயிருந்தது.

அன்று மாலையே அடக்கம். எங்கள் வழக்கப்படி முறைக்காரன் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொள்வான். "எனக்கு ஏதாவது குடுத்தாத்தான் எந்திரிப்பேன்," என்று அடம்பிடிப்பான். அழுகிறவர்கள் கூடச் சிரித்துவிடுவார்கள். கிம்பா ஈரத் துணியோடு குழிக்குள் இறங்கினான். படுக்கவில்லை. உட்கார்ந்துகொண்டு மண்ணைப் பார்த்தான். எல்லோரும் காத்திருந்தோம். அவன் எதையும் கேட்கவில்லை. இமாம்தான் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

அடுத்த நாள் அவன் தானாக உங்கள் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறான். அளவுக்கு மீறி ஆள் ஏற்றினேன் என்று சொல்லியிருக்கிறான். நான் சோறு கொண்டுபோனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "நீ முன்னாடியே சொன்ன. நான்தான் காதுல வாங்கல. என்ன மன்னிச்சுரு," என்றான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அதுவரை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கேலியை நிறுத்துவதற்கு எங்களிடம் வழி அதுதான், ஐயா. ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு ஆண்டவன் மேல் ஆணை என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் யாரும் சிரிக்க மாட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும். கடையில் அதை நான் செய்யவில்லை, ஏனென்றால் படகு விற்க வேண்டியிருந்தது. கரையில் செய்திருந்தால் தெரிந்தே விற்றேன் என்று ஊர் முழுக்கத் தெரிந்துபோயிருக்கும். ஒரு நடைதானே, தாங்கும் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் தாங்கிய படகு. வரி இல்லாமல் சரக்கு போன காலத்தில் இப்படி யோசிக்க வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. நாடு விலகாமல் இருந்திருந்தால் நான் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

இன்னும் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் படகின் விளிம்பில் ஒரு காலை வைத்து நின்றாள். மறு கால் தண்ணீரில் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாள். நான் சொன்னால் அவள் நம்பியிருப்பாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு, காலை எடுத்து உள்ளே வைத்தாள்.